குளிர்தேசத்து வீடும் கடதாசிப் பஞ்சும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)





செயலாளர் அவர்கள் எம்மிடம் வந்து, "இம்முறை விஞ்ஞான சம்பந்தமாக ஏதேனும் பேசும், ஆனால் சபையை உறங்க விடாமற் பேசும்" என்று கட்டளையிட்டுச் சென்றார். நாம் பௌதிகவியல் கற்கும் மாணவர். எமக்குத் தெரிந்ததைப் பேசினால் சபை உறங்கிவிடும். சபை உறங்காமற் பேசுவதற்கு எமக்குத் தெரியாது. இந்த இக்கட்டில் இருந்தபோதுதான் எம் சின்னம்மா வீட்டு முகட்டறை நினைவுக்கு வந்தது. ஆகவே, பழைய பத்திரிகைக் கடதாசியைப் பஞ்சாக்கி, யந்திரத்தால் ஊதி, வீட்டின் சீலிங்குக்கு மேலும் சுவருக்கு உள்ளும் நிரப்பிக் குளிரைத் தடுக்கும் ஒரு வித்தையைப் பற்றிப் பேசத் துணிந்தோம். "வெயில் கொளுத்தும் ஊரில் இது எதற்கு?" என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் புன்னகைப்பது தெரிகிறது. ஐயா, இச்சபையிலே பிள்ளையோ, பேரப்பிள்ளையோ, சகோதரமோ கனடாவிலும் ஐரோப்பாவிலும் இல்லாத குடும்பம் எத்தனை? அவர்கள் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று அறிந்துகொள்வதில் தவறில்லை என்பது எமது தாழ்மையான எண்ணம்.

முதலில் ஒரு பழங்கதை. 1833 ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் அமெரிக்காவின் பொஸ்டன் துறைமுகத்திலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு பாய்க்கப்பல் புறப்பட்டது. அதில் ஏற்றியிருந்த சரக்கு என்ன? பனிக்கட்டி! குளிர்காலத்தில் உறைந்த குளங்களில் அறுத்தெடுத்த பனிக்கட்டி. பிரெடெரிக் ரியூடர் என்னும் வணிகர் அனுப்பிய சரக்கு அது. நான்கு மாதம் கடலில் மிதந்து, பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து, புரட்டாதியில் கல்கத்தாவை அடைந்தபோது, ஏற்றிய 180 தொன்னில் ஏறக்குறைய 100 தொன் கரையாமல் இருந்தது. எந்தக் குளிர்சாதனப் பெட்டி அதைக் காத்தது? மரத்தூளும் வைக்கோலும் போன்ற பொருள்களே. அதே ரியூடருடைய கம்பனி 1842 இல் சென்னைக் கடற்கரையில் பனிக்கட்டிக் களஞ்சியம் ஒன்றைக் கட்டியது. அதனை நீங்கள் அறிவீர்கள். சுவாமி விவேகானந்தர் 1897 தை மாதத்தில் கொழும்பில் வந்திறங்கி, எமது யாழ்ப்பாணத்திலும் உரையாற்றிவிட்டு, மாசி மாதத்தில் சென்னை சென்று ஒன்பது நாள் தங்கியிருந்தாரே, அந்த மாளிகை அதுதான். இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் அக்கட்டடம் ஒருகாலத்தில் பனிக்கட்டி உருகாமல் இருக்கக் கட்டப்பட்டது.

மரத்தூளுக்குக் குளிர்ச்சி இல்லை. கம்பளிக்குச் சூடும் இல்லை. சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு உஷ்ணம் ஓடுவதை இரண்டும் தாமதப்படுத்துகின்றன, அவ்வளவே. தாமதப்படுத்துவதும் உண்மையில் மரத்தூள் அன்று. தூளுக்கும் தூளுக்கும் இடையில் அகப்பட்டு அசைய முடியாது நிற்கும் காற்றே. அசையாத காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். ஆனால் காற்றை விட்டுவிட்டால் அது சும்மா நிற்காது. சூடேறினால் மேலெழும்பும், குளிர்ந்தால் கீழிறங்கும். இதனையே மேற்காவுகை என்கிறோம். ஆகையால் காற்றைக் கட்டிப்போட ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு அறைகள் வேண்டும். பஞ்சும் உமியும் மரத்தூளும் கோழி இறகும் செய்வது அந்தச் சிறைக்காவல்தான்.

நாம் பயின்ற மிஷன் பாடசாலையில் பௌதிகம் கற்பித்த ஆசிரியர் இதனை இரண்டு பால்மாப் பேணிகளைக் கொண்டு காட்டினார். இரண்டிலும் கொதிநீர். ஒன்று வெறுமையாக, மற்றொன்றைச் சுற்றி முந்தைய நாட் பத்திரிகை, கசக்கிப் பல சுற்று. பாடம் முடியும் நேரத்தில் வெறும் பேணியிற் கைவைக்கலாம். பத்திரிகை சுற்றிய பேணியிற் கைவைத்த எமது தோழன் துள்ளினான். "பத்திரிகையில் உள்ள செய்தி பொய்யாகலாம், பத்திரிகைக் கடதாசி பொய் சொல்லாது" என்றார் ஆசிரியர். அன்று சிரித்தோம். ஆறேழு ஆண்டுகளின் பின் கனடாவில் ஒரு முகட்டறையில், முழங்காலளவு பத்திரிகைப் பஞ்சுக்குள் நின்றபோது அந்த வார்த்தை எம் நினைவில் எழுந்தது.

எமது சின்னம்மா குடும்பத்தினர் ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியில் வசிக்கின்றனர். 1983 இற்குப் பின் எம்மவர் பெருந்தொகையாகக் குடியேறிய பகுதி அது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பின் வந்த ஆண்டுகளிற் கட்டிய சிறு வீடுகள் அங்கே வீதி வீதியாக உள்ளன. எரிபொருள் மலிந்திருந்த அக்காலத்தில் கட்டியோர் சீலிங்குக்கு மேல் மூன்று நான்கு அங்குலப் பஞ்சு போட்டால் போதும் என்று எண்ணினர். சின்னம்மா வாங்கிய வீடும் அத்தகையதே. நாம் விடுமுறையில் அங்கு சென்றது தை மாதம். வெளியே பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை. நிலக்கீழ் அறையில் வெப்ப உலை ஓயாது உறுமிக்கொண்டிருந்தது. ஆனாலும் அம்மம்மாவின் அறை குளிர்ந்தே கிடந்தது. எண்பது வயதைக் கடந்த அந்தக் கிழவி இரண்டு கம்பளிச் சட்டை, ஒரு தொப்பி, அதன்மேல் சேலைத் தலைப்பு என்று சுற்றிக்கொண்டு, "மோனை, இந்த வீட்டுக்கை எங்கையோ ஒரு கதவு திறந்து கிடக்குது" என்று நாளும் சொல்லுவார். நாம் எழுந்து எல்லாக் கதவையும் பார்ப்போம். எல்லாம் பூட்டியிருக்கும். "முதுமை" என்று முணுமுணுத்து வந்து படுப்போம்.

அம்மம்மா சொன்னதே சரி என்பதை அறியப் பத்து நாட்கள் சென்றன. உண்மையில் ஒரு கதவு திறந்துதான் கிடந்தது, தலைக்கு மேலே.

அந்த வீட்டை ஒரு புகைபோக்கி என்று நினையுங்கள். உள்ளே சூடேறிய காற்று இலேசாகி மேலெழும்புகிறது. சீலிங்கில் மின்விளக்குப் பொருத்திய துளை, புகைபோக்கியைச் சுற்றிய இடைவெளி, நீர்க்குழாய் ஏறும் துவாரம், முகட்டறைக்கு ஏறும் மூடி இவற்றின் வழியே அது வெளியேறுகிறது. வெளியேறிய அளவுக்குக் கீழேயுள்ள வெடிப்புகளின் வழியே வெளிக்குளிர் உள்ளே இழுபடுகிறது. எனவே காலிலே குளிர் ஏறுவதற்குக் காரணம் தலைக்கு மேலே இருக்கும். அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் ருவின் றிவேர்ஸ் என்னும் குடியிருப்பை 1970களில் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தார் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தனர். றொபேட் சொக்கலோ என்பவர் அதற்குத் தலைமை தாங்கினார். 1973 ஐப்பசியில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதன் பின் அந்நாட்டாருக்கு இந்த விஷயங்களில் திடீரென்று கண் திறந்தது. முகட்டின் வழியாக ஏட்டுக்கணக்குச் சொல்லும் அளவிலும் பல மடங்கு உஷ்ணம் போவதை அவர்கள் கண்டனர். காரணம், சுவருக்குள்ளே மறைந்திருந்த பொந்துகள் வழியாகக் காற்று பஞ்சைச் சுற்றிக்கொண்டு சென்றதே. இன்னொரு விசித்திரமும் கண்டனர். ஒரே அச்சில் வார்த்தாற் போன்ற இரண்டு வீடுகளில், ஒன்று மற்றதைப்போல் இரட்டிப்பு எரிபொருளை உண்டது. வேறுபாடு குடியிருந்தவர்களின் பழக்கத்தில் இருந்தது. இதைக் கேட்டதும் சித்தப்பா சின்னம்மாவைப் பார்த்தார். சின்னம்மா சித்தப்பாவைப் பார்த்தார். நாம் பேச்சை மாற்றினோம்.

இனிக் கொஞ்சம் கணக்கு. செயலாளர் பொறுத்தருள வேண்டும். வட அமெரிக்காவில் ஒரு தடுப்பு எவ்வளவு வல்லமை உடையது என்பதை 'ஆர்' என்னும் எண்ணாற் சொல்வர். எண் பெரிதானால் தடுப்பும் பெரிது. கடதாசிப் பஞ்சு ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 3.5 தரும், ஊதிய கண்ணாடி நார் அதனிற் குறைவாக, 2.5 அளவில் தரும். சின்னம்மா வீட்டின் பழம்பஞ்சு ஆர் 12 அளவே தேறும். அமெரிக்க, கனடியக் குளிர்ப்பகுதிகளில் இக்காலத்தில் முகட்டுக்குச் சொல்லும் அளவு 49 முதல் 60 வரை. முகட்டின் பரப்பு 100 சதுர மீற்றர் என்றும், ரொறன்ரோவின் ஒரு குளிர்காலத்துக் குளிர் 3,700 பாகை-நாள் என்றும் வைத்துக்கொண்டு நாம் ஒரு கடதாசியிற் கணக்கிட்டோம். ஆர் 12 இல் முகட்டினூடே கடந்து போவது ஆண்டுக்கு ஏறக்குறைய 4,200 கிலோவாற்று மணி. ஆர் 60 இல் 840. மிச்சம் 3,400 அளவு. எரிவாயுவாகச் சொன்னால் சுமார் 350 கன மீற்றர். "அப்படியானால் இன்னும் இரட்டிப்பாய் 120 போடுவோமே" என்றான் தம்பி. போட்டால் மேலும் மிஞ்சுவது 420 மாத்திரம். முதற் போர்வை உயிரைக் காக்கும். ஐந்தாம் போர்வை வியர்வை தரும். எங்கே நிறுத்துவது என்பதைக் கணக்குச் சொல்லும், விற்கிறவன் சொல்லமாட்டான்.

இந்தக் கடதாசிப் பஞ்சு எப்படிப்பட்டது? நிறையில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் பழைய பத்திரிகை. ஆலையில் அரைத்து நாராக்கி, போரிக் அமிலமும் வெண்காரமும், சிலர் அமோனியம் சல்பேற்றும் சேர்க்கின்றனர். போரிக் அமிலம் வேறொன்றுமில்லை. எமது வாசிகசாலையில் கரம் பலகையில் தூவுகிறோமே, அந்த மா. அது சேர்ந்தால் கடதாசி தீப்பற்றிச் சுவாலை விடாது கருகி நிற்கும்; பூச்சியும் அண்டாது. எனினும் "தீப்பிடிக்கவே பிடிக்காது" என்று எவரேனும் சொன்னால் நம்பவேண்டாம். புகைபோக்கியின் அருகே அதைக் குவிக்கக் கூடாது. தகரத்தால் ஒரு வேலி கட்டி இடைவெளி விடவேண்டும்.

வேலை நடந்த நாளைச் சொல்கிறோம். பெரிய கடைகளிற் குறிப்பிட்ட தொகைப் பைகள் வாங்கினால் ஊதும் யந்திரத்தை ஒரு நாளைக்கு இரவலாகத் தருவதுண்டு. சித்தப்பா அவ்வாறே எடுத்து வந்தார். இறுக்கி அடைத்த பஞ்சுப் பொதியை உடைத்து யந்திரத்தின் வாயிற் போட்டால், உள்ளேயுள்ள பற்கள் அதை உதிர்க்கும். ஊதுகுழல் அதை நீண்ட குழாயின் வழியே முகட்டுக்குத் தள்ளும். தம்பி வாசலில் நின்று பொதி போட்டான். நாம் முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்து மேலே குழாயைப் பிடித்தோம். சாம்பல் நிறப் பனி பொழிவது போல் இருந்தது. ஓரிடத்தில் ஓர் எழுத்து, ஓரிடத்தில் அரைப் படம்.

ஆனால் ஊதுவது அரை நாள் வேலை. அதற்கு முந்திய ஆயத்தமே இரண்டு நாட்கள் பிடித்தது. அதைச் சொல்லாவிட்டால் இந்த உரையாற் பிரயோசனம் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் சித்தப்பா ஒருவரை வைத்து அந்த முகட்டில் வேலை செய்வித்திருந்தார். யார் என்ற பெயர் இங்கு வேண்டாம். அவர் வந்து, ஓட்டைகளை அடையாமல், ஓரங்களில் மட்டும் கொஞ்சம் பஞ்சை அள்ளித் திணித்து, ஒரு மணித்தியாலத்திற் பணம் பெற்றுச் சென்றார். அவர் திணித்த பஞ்சு தாழ்வாரத்துக் காற்றுத் துவாரங்களை அடைத்துவிட்டது. குளியலறை ஈரக்காற்றை வெளியேற்றும் குழாயும் கூரைக்கு வெளியே போகாமல் முகட்டுக்குள்ளேயே வாய் திறந்து கிடந்தது. ஈரம் மேலேறியது, வெளியேற வழியில்லை, கூரைப் பலகையில் உறைந்தது, வெயில் பட்ட நாளிற் சொட்டியது. நாம் விளக்கோடு ஏறிப் பார்த்தபோது வடக்குப் பக்கத்துப் பலகை கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருந்தது. சித்தப்பா ஏணியில் நின்றபடி பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. இரண்டு வேலை செய்து உழைத்த காசு.

ஆகவே முதலில் அந்தக் குழாயைக் கூரைக்கு வெளியே கொண்டுபோனோம். பழுதான பலகையைத் தச்சர் ஒருவர் மாற்றினார். தாழ்வாரத்தில் காற்று நுழையும் வழியில், பஞ்சு அடைத்துவிடாதவாறு, ஒவ்வொரு வளைக்கும் இடையே தட்டிகள் வைத்தோம். பின்பு முகட்டறைத் தரையில் தவழ்ந்து, பழம்பஞ்சு கறுத்திருந்த இடங்களைத் தேடினோம். காற்று வடிந்த இடத்தில் பஞ்சு வடிகட்டியாகித் தூசு பிடித்துக் கறுத்திருக்கும். ஓட்டை எங்கே என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும். விளக்குத் துளைகளையும் குழாய்த் துவாரங்களையும் பசையாலும் நுரையாலும் அடைத்தோம். புகைபோக்கியைச் சுற்றித் தகடும் உஷ்ணம் தாங்கும் பசையும். மின்கம்பிகளை உரிமம் பெற்ற மின்வல்லுநர் பார்த்துச் சொன்ன பிறகே மூடினோம். மிகப் பழைய வீடுகளில் பீங்கான் குமிழ்களில் ஓடும் கம்பிகள் உண்டு. அவை காற்றிலே சூட்டை விட்டு வாழ்பவை. அவற்றைப் பஞ்சால் மூடினால் வெந்து தீப்பிடிக்கலாம். கடைசியாக அளவுகோல் அட்டைகளை வளைகளில் ஆணியடித்து, எத்தனை அங்குலம் என்று கோடிட்டோம். ஆர் 60 வேண்டுமானால் பதினேழு அங்குலம் நிற்கவேண்டும். ஆனால் ஊதிய பஞ்சு காலம் செல்ல அமிழும். ஆகையால் பொதியின் மேல் அச்சிட்டுள்ளபடி கூட்டித்தான் ஊதவேண்டும். இத்தனை சதுர அடிக்கு இத்தனை பொதி என்றும் அதில் இருக்கும். வேலை முடிந்ததும் வெறும் பைகளை எண்ணிப் பாருங்கள். பஞ்சை வெறும் காற்றோடு மெல்லென ஊதி உயரம் மாத்திரம் காட்டுகிற தந்திரம் உண்டு. உயரம் ஏமாற்றும், பை ஏமாற்றாது.

வெப்ப உலையின் விஷயமும் சொல்லவேண்டும். ஓட்டைகள் அடைபட்ட வீட்டில், பழைய பாணி உலையின் புகை மேலேறாமல் உள்ளே திரும்பக்கூடும். அதிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அபாய மணி கட்டாயம் வேண்டும். உலையைப் பரிசோதிப்பிக்கவும் வேண்டும்.

சுவரை நிரப்புவது வேறு கலை. மரச்சட்டங்களுக்கு இடையே வெறுமையாய் உள்ள ஒவ்வொரு பொந்துக்கும் வெளியிலிருந்து இரண்டு அங்குலத் துளையிட்டு, குழாயை உட்செலுத்தி, கன அடிக்கு மூன்றரை இறாத்தல் வரை இறுக்கி அடைப்பர். தளர்வாக அடைத்தால் காலப்போக்கில் அமிழ்ந்து, மேலே ஒரு சாண் வெறுமையாகி, அந்தச் சாணில் குளிர் குடியேறும். இதைப் பழகியவரே செய்யவேண்டும். நாம் தொடவில்லை.

இவ்வளவும் கேட்டு, இது ஆபத்தில்லாத நல்ல காரியம் என்று நினைப்பீர்கள். இங்கேதான் நாம் சற்று நிற்க விரும்புகிறோம். ஒரு வீட்டின் முகட்டில் எதை ஊதுகிறோம், யாரைக் கொண்டு ஊதுகிறோம் என்பது சிறு காரியம் அன்று.

அவுஸ்திரேலியாவின் தலைநகர் கன்பராவில் 1968 முதல் 1979 வரை ஒரு வியாபாரி வீட்டு முகடுகளில் ஒரு பஞ்சை ஊதி நிரப்பினார். மலிவு, தீப்பிடியாது, மிருதுவானது. அது கலப்பில்லாத கல்நார். சுவாசப்பைக்குள் அதன் நார் புகுந்தால் பல பத்தாண்டுகளின் பின் புற்றுநோயாய் முளைக்கும். 1988 இலிருந்து 1993 வரை அரசாங்கம் பெருஞ்செலவில் அந்த முகடுகளைத் துப்புரவு செய்தது. செய்த பின்னும் சுவருக்குள் நார் தங்கியிருந்ததைக் கண்டு, 2014 இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளை விலைக்கு வாங்கி இடிக்கத் தீர்மானித்தது. பிள்ளை பெற்று வளர்த்த வீட்டை, உடுப்புப் பெட்டியைக்கூட எடுக்கலாமா என்ற அச்சத்தோடு விட்டு வெளியேறியவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்காவில் மொன்ரானா மாகாணத்து லிபி என்னும் சிற்றூரில் வேமிக்குலைற் என்றொரு கனியத்தைத் தோண்டினர். சுட்டால் நெற்பொரி போலப் பொரியும் கல் அது. பொரிந்த கல்லைப் பையிலிருந்து முகட்டிற் கொட்டிப் பரப்புவர். 'சோனொலைற்' என்ற பெயரில் அமெரிக்கா, கனடா எங்கும் விற்பனையாயிற்று. லிபிக் கனியத்திலும் கல்நார் கலந்திருந்தது. சுரங்கத் தொழிலாளர் மட்டுமன்றி, அவர்களுடைய உடுப்பைத் துவைத்த மனைவியரும், பொரிமேட்டில் விளையாடிய பிள்ளைகளும் நோயுற்றனர். சுரங்கம் 1990 இல் மூடப்பட்டது. செய்தி 1999 இல் நாடறிந்தது. 2009 இல் அமெரிக்கச் சுற்றாடல் இலாகா அங்கே பொதுச் சுகாதார அவசர நிலையைப் பிரகடனம் செய்தது. ஆகவே ஸ்காபரோவிலோ வேறெங்கோ பழைய வீடு வாங்கும் எம் உறவினர், முகட்டிலே பழுப்பும் வெள்ளியுமாய் மினுங்கும் சிறு பொரிக் கற்களைக் கண்டால் தும்புத்தடியோடு ஏற வேண்டாம். தொடாமல் இறங்கி, பரிசோதகரை அழையுங்கள். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இன்றிரவு தொலைபேசியிற் சொல்லிவிட்டீர்களானாலும் எமக்குத் திருப்தி.

கனடா அரசாங்கமே வழுக்கிய கதையும் உண்டு. 1977 முதல் வீட்டுக்காரருக்குப் பண உதவி தந்து தடுப்புப் போடுவித்தது. அந்த உதவியுடன் பலர் யூரியா போமல்டிகைட் என்னும் நுரையைச் சுவருக்குட் செலுத்தினர். அதிலிருந்து காரமான வாயு கசிகிறது என்று முறைப்பாடுகள் எழவே, 1980 மார்கழியில் அதே அரசாங்கம் அந்த நுரையைத் தடைசெய்தது. அதன் தீங்கு எவ்வளவு என்று பின்னர் பல ஆண்டுகள் வழக்காடினர். ஆனால் அதற்குள் வீடுகளின் விலை விழுந்துவிட்டது.

நான்காவது செய்தியைத் தான் இளைஞர்களுக்குச் சொல்லவேண்டும். அவுஸ்திரேலியாவில் 2009 மாசியில், பொருளாதார மந்தத்தை நீக்க, வீட்டு முகடுகளுக்கு இலவசமாய்த் தடுப்புப் போடும் திட்டம் ஒன்றை அரசாங்கம் அறிவித்தது. ஓராண்டுக்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள். நேற்று வேறு தொழில் செய்தவர் இன்று முகட்டில் ஏறினர். நான்கு வாலிபர் இறந்தனர். மூவரை மின்சாரம் கொன்றது. ஒருவரை முகட்டறையின் கடுங்கோடை உஷ்ணம் கொன்றது. மூத்தவருக்கு 25 வயது. இளையவருக்கு 16. அவர்கள் போட்டது ஊதும் பஞ்சு அன்று, தகடும் பாயுமே. எனினும் முகடு ஒன்றே, கம்பி ஒன்றே. 2010 மாசியில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2014 இல் அறிக்கை தந்த விசாரணை ஆணைக்குழு, போதிய பயிற்சியும் மேற்பார்வையும் இன்றி அவசரப்பட்டதை வெளிப்படுத்தியது.

எம்முடன் படித்தவர்கள் சிலர் இன்று குளிர்தேசங்களில் இத்தகைய வேலைகளிலேயே இருக்கின்றனர். மொழி தெரியாத நாட்டில் முதற் கிடைக்கும் வேலை அது. "ஏறு" என்றால் ஏறுவார்கள். மின்னோட்டத்தை நிறுத்தியாயிற்றா என்று கேட்கத் துணியார். கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம். கேட்கலாம் என்று பெற்றோர் இங்கிருந்தே சொல்லவேண்டும். நாம் முகட்டில் இருந்த அந்த மூன்று நாட்களிலும் கீழே ஒருவர் இருந்துகொண்டே இருந்தார், சின்னம்மா அரை மணிக்கொரு தரம், "தம்பி, இருக்கிறியோ?" என்று கூப்பிடுவார். அன்று அது எமக்குச் சிரிப்பாக இருந்தது.

இனி முன்வரிசைப் பெரியவர் மனதில் உள்ள வினா: எமது வீடுகளுக்கு இது வேண்டுமா? வேண்டியதில்லை, ஐயா. உலையும் இல்லை, குளிர்சாதனமும் இல்லை. காற்றைக் கட்டிப்போடுவதிலும் காற்றை உள்ளே விடுவதே எமக்குச் சுகம். எம் பாட்டன்மார் கிடுகைத் தடிப்பாக வேய்ந்தபோது இந்தப் பாடத்தை அறிந்தே வேய்ந்தனர்.

கடைசியாக, அந்த வீட்டின் செய்தி. அடுத்த குளிர்காலம் முடிந்ததும் சித்தப்பா எரிவாயுச் சீட்டுகளை அனுப்பியிருந்தார். எமது கடதாசிக் கணக்கு 350 கன மீற்றர் குறையும் என்றது. சீட்டிலே குறைந்தது 500 இற்குச் சற்றுக் கூட. மேலதிகத்திற் பெரும்பகுதி ஓட்டைகளை அடைத்ததன் பயன் என்றே நம்புகிறோம். அந்த ஆண்டு குளிரும் சற்றுக் குறைவுதான் என்பதையும் மறைக்கக் கூடாது. சீட்டோடு ஒரு படமும் வந்தது. வீதியிலுள்ள கூரைகளிலெல்லாம் பனி உருகிக் கறுப்புத் திட்டுகள் தெரிய, சின்னம்மா வீட்டுக் கூரை மாத்திரம் வெள்ளை வெளேரென்று பனி மூடிக் கிடந்தது. கீழிருந்து சூடு போகாததால் பனி உருகவில்லை. அயலார் ஒருவர், வீட்டில் ஆள் இல்லையோ என்று வந்து கதவைத் தட்டினாராம். திறந்தவர் அம்மம்மா. தொப்பி இல்லை, ஒரே ஒரு கம்பளிச் சட்டை.